ஆறக் கூடாத காயம்

காயம் ஆறுவதை வேண்டாதார் யார்? விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட குழந்தைக்கும், கதிர் அறுக்கையில் அரிவாள் பட்ட உழவருக்கும் நாம் சொல்வது ஒன்றே: 'எல்லாம் ஆறிவிடும்.' துயருற்றோர்க்கு நாம் தரும் ஆறுதல் என்னும் சொல்லும் இந்த ஆறுவதோடு உறவுடையதுதான். ஆயினும், ஆறிவிட்டால் கேடு விளைவிக்கும் காயம் ஒன்று உண்டு என்பதை என் 62ஆம் வயதில் நான் அறிந்துகொண்டேன்.

நம் கண்ணுக்குள்ளே, கண்ணீரினும் வேறான தெளிந்த நீரொன்று இடைவிடாது ஊறுகிறது. கருவிழியின் ஓரத்திலே சல்லடை போன்ற நுண்ணிய திசுவின் வழியாக அது வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் ஒத்திருக்கும்வரை கண் நலமாக இருக்கும். வடிகால் தடைப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பார்வை நரம்பு இழை இழையாக மடிகிறது. இதுவே கிளாக்கோமா என்னும் கண் நீரழுத்த நோய். பெரும்பாலோர்க்கு இதில் வலியில்லை, சிவப்பில்லை. ஓரப் பார்வை முதலில் தேயும். அதை மனிதர் உணர்வதில்லை. இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்க மட்டுமே இயலும். நோய் இன்னதென்று தெரியும் முன்னரே என் இடக்கண் இருண்டுவிட்டது. வலக்கண் ஒன்றே மிஞ்சியது.

சொட்டு மருந்துகளுக்கு அழுத்தம் அடங்காதபோது அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 1968ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேர்ன்ஸ் என்னும் மருத்துவர் விளக்கிய முறை அது. டிரபெக்குலெக்டமி என்பது அதன் பெயர். வெள்ளைவிழியில் பாதி ஆழத்துக்கு ஒரு சிறு மூடியை வெட்டி உயர்த்தி, அதன் அடியில் துளையிடுவார்கள். உள்ளிருக்கும் நீர் அந்த மூடியின் ஓரமாகக் கசிந்து, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் கீழ்த் தேங்கும். மேலிமையின் மறைவில் ஒரு சிறு கொப்புளம் எழும். கொப்புளம் நிலைத்திருந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

எனக்கு அது நிலைக்கவில்லை. நான்கே மாதங்களில் கொப்புளம் தட்டையாயிற்று; அழுத்தம் பழையபடி ஏறிற்று. மருத்துவர் சொன்னார்: "ஐயா, நாங்கள் வாய்க்கால் வெட்டினோம். உங்கள் உடம்பு அதைக் காயம் என்று எண்ணி மூடிவிட்டது."

இந்தச் சொற்கள் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தன. வெட்டுப்பட்ட இடத்துக்கு நார்த்திசுச் செல்கள் விரைந்து வருகின்றன, பெருகுகின்றன, கொலாஜன் என்னும் நாரை நெய்து, இறுக்கித் தழும்பாக்குகின்றன. காலில் குத்திய முள்ளுக்கும் கண்ணைக் காக்க இட்ட துளைக்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. பிறந்த நாள்முதல் என்னைக் காத்து வந்த உடம்பின் நற்குணமே என் பார்வைக்குப் பகையாகி நின்றது. ஒருமுறை அறுவை செய்த கண்ணில் தழும்பு இன்னும் எளிதாக உண்டாகும் என்பதால், இரண்டாம் அறுவையில் மைட்டோமைசின் சி என்னும் மருந்தைச் சேர்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

என் மகள் அந்தப் பெயரைக் கேட்டதும் திகைத்தாள். "இது புற்றுநோய் மருந்தல்லவா, அப்பா?" என்றாள். உண்மைதான். ஜப்பானில் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டுப் புற்றுநோய்க்குப் பயன்பட்டு வந்த மருந்து அது. செல்கள் பெருகுவதைத் தடுப்பது அதன் தொழில். 1983இல் தைவானைச் சேர்ந்த சென் என்னும் கண் மருத்துவர், கிளாக்கோமா அறுவையில் அதைப் பயன்படுத்தியதை வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபுளூரோயூராசில் என்னும் மற்றொரு புற்றுநோய் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். என்னைப்போல் முந்தைய அறுவை தோற்றவர்களும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுமாக 213 பேரிடம் அதைச் சோதித்தார்கள். ஐந்தாண்டு முடிவுகள் 1996இல் வெளிவந்தன. மருந்தின்றிச் செய்த அறுவைகளில் 74 விழுக்காடு தோற்றிருந்தன. மருந்தோடு செய்தவற்றில் தோற்றவை 51 விழுக்காடு. மருந்து உறுதி தரவில்லை, வாய்ப்பைக் கூட்டியது.

ஆனால் அந்த வாய்ப்புக்கு விலையும் உண்டு. தழும்பை அளவுக்கு மீறித் தடுத்தால் கொப்புளத்தின் சவ்வு இரத்தக் குழாய்களின்றி வெளிறி மெலியும். நீர் வெளியே கசியும். கண்ணின் அழுத்தம் மிகவும் தாழ்ந்து பார்வை மங்கும். பல ஆண்டுகள் கழித்தும் அந்த மெல்லிய இடத்தின் வழியே கிருமிகள் கண்ணுக்குள் புகக்கூடும். மூடினாலும் கேடு, மிகுதியாகத் திறந்தாலும் கேடு. இருப்பதோ ஒரே கண். ஒப்புதல் தாளை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் செய்யாதிருந்தால் இருள் உறுதி என்பது தெளிவானபின் கையொப்பமிட்டேன்.

ஊசியால் கண்ணை மரத்துப்போகச் செய்திருந்தார்கள், செவிகள் விழித்திருந்தன. மருந்தில் நனைத்த பஞ்சுத் துண்டுகளைச் சவ்வின் அடியில் வைத்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் 0.2 மில்லிகிராம் என்ற அளவு. செவிலியர் ஒருவர் கடிகாரம் பார்த்து, "ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்" என்று எண்ணினார். "போதும், எடுங்கள்" என்றார் மருத்துவர். உடனே உப்பு நீரால் நன்றாகக் கழுவினார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சிறுவயதுமுதல் கேட்டிருக்கிறேன். அளவோடு நின்றால் நஞ்சும் மருந்தாகும் என்பதை அந்த இரண்டு நிமிடங்களில் உணர்ந்தேன்.

அறுவையோடு முடிந்துவிடவில்லை. வாரங்கள் பல ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டேன். மூடியைப் பிடித்திருந்த தையல் ஒன்றை லேசர் கதிரால் தளர்த்தினார்கள். மூன்றாம் வாரத்தில் கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு கூடியபோது, ஃபுளூரோயூராசிலைச் சவ்வின் கீழ் ஊசியாகச் செலுத்தினார்கள். உடம்பு மூட முயன்றது. மருத்துவர் பொறுமையாகத் தடுத்தார். வெல்வதற்காக அல்ல, இரண்டும் ஓர் இடத்தில் இசைந்து நிற்பதற்காக. இன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கொப்புளம் இருக்கிறது, அழுத்தம் அடங்கியிருக்கிறது, இக்கட்டுரையை என் கையாலேயே எழுதுகிறேன்.

இவ்வறுவை செய்துகொண்ட அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: எத்தனை ஆண்டுகள் சென்றாலும், அந்தக் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். மறுநாளுக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

மற்றொன்று, உடன்பிறந்தாரைப் பற்றியது. இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. என் தம்பியை வற்புறுத்திச் சோதனைக்கு அழைத்துச் சென்றேன். "எனக்கு ஒன்றும் இல்லை, அண்ணா, நன்றாகத்தான் தெரிகிறது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நோய் தொடங்கியிருந்தது. நாளும் இரவில் ஒரு சொட்டு மருந்து விடுகிறான். கத்தி அவனுக்கு இன்னும் தேவைப்படவில்லை. இரு கண்களாலும் பார்க்கிறான்.