தோல்விப் பத்தி

பேஸ்பாலுக்கு ஸ்கோர் எழுதும் எங்களுக்குச் செப்டம்பர் வந்துவிட்டால் புள்ளிப்பட்டியலில் முதலில் கண் போவது தோல்விப் பத்திக்குத்தான். ஒரு பருவத்துக்கு மொத்தம் 162 ஆட்டங்கள். பாக்கியிருக்கும் ஆட்டத்தை வென்றுகொள்ளலாம். தோற்றதை அழிக்க முடியாது.

அடுத்துப் பார்ப்பது பிட்சர் மாறிய இடங்களை. புதிய பிட்சர் வந்ததும் தாளில் ஒரு கோடு இழுப்போம். நல்ல அணிக்கு அந்தக் கோடு ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல்தான் விழும். 2011 செப்டம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் தாள்களில் அது ஐந்தாவதிலும் நான்காவதிலும் விழத் தொடங்கியது. தொடக்க பிட்சர்கள் சீக்கிரமே வெளியேற, பின்னால் வருபவர்களின் தோள்கள் தினமும் தேய்ந்தன. செப்டம்பர் 3 அன்று ரெட் சாக்ஸைவிட ஒன்பது ஆட்டம் பின்தங்கியிருந்தது டாம்பா பே ரேஸ். அந்த மாதம் ரெட் சாக்ஸ் வென்றது 7, தோற்றது 20. கடைசி நாளான செப்டம்பர் 28 அன்று, பிரிவை வெல்லாத அணிக்கான ஒரே பிளேஆஃப் இடமான வைல்டு கார்டுக்கான போட்டியில் இரண்டு அணிகளும் சமம்.

அன்று யாங்கீஸிடம் எட்டாவது இன்னிங்ஸ் வரை ரேஸ் 0-7 எனப் பின்தங்கியிருந்தது. யாங்கீஸ் ஏற்கெனவே பிரிவை வென்றுவிட்டதால், இருந்த பிட்சர்களை எல்லாம் மாற்றி மாற்றி இறக்கியது: மொத்தம் பதினொரு பேர். அணியில் நாற்பது பேர்வரை சேர்த்துக்கொள்ள அன்றைய செப்டம்பர் விதி இடம் கொடுத்தது. அப்படி ஒரு தாளைச் சுத்தமாக எழுதி முடிப்பதே பெரிய வேலை. எட்டாவதில் ரேஸுக்கு ஆறு ரன். ஒன்பதாவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக். அப்போது மட்டையைப் பிடித்து நின்ற டேன் ஜான்சனின் அந்தப் பருவ பேட்டிங் சராசரி .108. அவர் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அந்தச் சராசரி கொண்டவரை அந்த நேரத்தில் அனுப்பிய ரேஸ் மேலாளர் ஜோ மேடனின் முடிவைத்தான் நான் அன்றைய இரவின் மிகப் பெரிய துணிச்சல் என்பேன்.

அதே இரவில் பால்டிமோரில், அந்த ஊர் அணிக்கு எதிராக ரெட் சாக்ஸ் 3-2 என முன்னிலை. எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த எந்த ஆட்டத்தையும் அவர்கள் அந்த ஆண்டு தோற்றதில்லை, 77-0. ஒன்பதாவதில் ரெட் சாக்ஸ் பிட்சர் ஜோனதன் பாப்பெல்பான் முதல் இருவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பிறகு வரிசையாக மூன்று ஹிட். 3-4 எனத் தோல்வி. சுமார் மூன்று நிமிடம் கழித்து, ரேஸ் ஆட்டத்தின் பன்னிரண்டாவது இன்னிங்ஸில், ரேஸின் எவன் லாங்கோரியா அடித்த பந்து இடது மூலையின் தாழ்ந்த வேலியைத் தாண்டியது. ஹோம் ரன்னுக்குத் தாளின் கட்டத்தில் உள்ள வைரத்தின் நான்கு பக்கமும் கோடிட்டு உள்ளே கறுப்பாக்க வேண்டும். ரேஸ் 91-71, ரெட் சாக்ஸ் 90-72.

2012-இல் இரண்டாவது வைல்டு கார்டு வந்தது, 2022-இல் மூன்றாவது. இன்றைய விதிப்படி இரண்டு அணிகளுமே பிளேஆஃபுக்குள் போயிருக்கும். அந்த இரவுக்கு வேலையே இருந்திருக்காது. ஒரே இடத்துக்காக 162 ஆட்டம் ஆட வைத்த பழைய விதிதான் சிறந்தது.