உடல் கிராக்கோவில், இதயம் வில்னியஸில்

போலந்தின் கிராக்கோவ் நகரில், விஸ்துலா ஆற்றை ஒட்டிய குன்றின் மேல் நிற்கிறது வாவெல் பேராலயம். நாட்டை ஆண்ட மன்னர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இங்கேதான். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும் பயணிக்கு ஓரிடத்தில் கணக்கு உதைக்கும். ஒரு மன்னர் இருக்கிறார், அவர் உயிராய் நேசித்த மனைவியைக் காணோம். இன்னொருவரின் உடல் இருக்கிறது, இதயம் இல்லை. மிச்சத்தைத் தேடி லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ் வரை போக வேண்டும். போலந்தும் லித்துவேனியாவும் நானூறு ஆண்டு ஒரே மன்னர்களைப் பங்குபோட்டுக்கொண்ட வரலாற்றை, பாடப்புத்தகத்தைவிட இந்தக் கல்லறைகள் தெளிவாகச் சொல்கின்றன.

முதலில் யாத்விகா. 1384இல் போலந்தின் ஆட்சியாளராக முடிசூட்டப்பட்டபோது அவளுக்குப் பத்து வயதுபோலத்தான் இருக்கும். ஆஸ்திரிய இளவரசன் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சிறுமியை, லித்துவேனியாவை ஆண்ட யோகைலாவுக்குக் கட்டிவைக்க முடிவு செய்தார்கள் போலந்துப் பிரபுக்கள். யோகைலா பல வயது மூத்தவர். ஐரோப்பாவில் பழைய தெய்வ வழிபாட்டை விடாமல் எஞ்சியிருந்த கடைசி நாடு அவருடையது. 1385இல் கிரேவா கோட்டையில் (இன்றைக்கு அது பெலாரஸில் இருக்கிறது) வாக்குறுதி எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஞானஸ்நானம், கல்யாணம், மகுடம் மூன்றும் வரிசையாக நடந்து முடிந்தன. இரு நாடுகளுக்கும் பொது எதிரி, ஜெர்மானிய டியூட்டானிக் போர்த்துறவிகள். 1410இல் குருன்வால்டில் இரண்டு படைகளும் சேர்ந்து அவர்களை முறியடித்தன.

அந்த வெற்றியைப் பார்க்க யாத்விகா இல்லை. 1399இல், பிரசவம் முடிந்த சில வாரங்களுக்குள் இறந்துவிட்டார். நகைகளைக் கிராக்கோவ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். பிற்காலத்தில் கல்லறையைத் திறந்தபோது உள்ளே கிடைத்த செங்கோல் மரத்தால் ஆனது, மேலே பொன்முலாம்.

கிராக்கோவிலிருந்து லூப்ளின் போகிறவர் அங்கே கோட்டைத் தேவாலயத்தைத் தவறவிடக் கூடாது. கட்டடம் மேற்கத்திய கோதிக் பாணி. உள்ளே சுவர் முழுக்கக் கீழைத் திருச்சபை மரபுச் சித்திரங்கள், 1418இல் முடிந்தவை. வரையச் சொன்னவர் யோகைலா. அவருடைய தாய் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர். இந்த அரசில் போலந்துக்காரர்களும் லித்துவேனியர்களும் மட்டும் இருந்ததாக நினைப்பவர்கள், இன்றைய பெலாரஸ், உக்ரைன் மக்களின் முன்னோர்களை மறந்துவிடுகிறார்கள். லித்துவேனியாவின் 1588ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பே அந்த முன்னோர்களின் ரூத்தேனிய மொழியில்தான் எழுதப்பட்டது.

1569 ஜூலை 1 அன்று லூப்ளினில் இரு நாடுகளும் முறைப்படி ஓர் அரசாயின. ஆனால் மனமொத்து நடந்த காரியம் அல்ல அது. யோகைலா வம்சத்தின் கடைசி மன்னர் சிகிஸ்மண்ட் அகஸ்டஸுக்கு வாரிசு இல்லை. கிழக்கே மாஸ்கோவை ஆண்ட இவான், லித்துவேனியாவின் போலோத்ஸ்க் நகரத்தை 1563இலேயே பிடித்துவிட்டார். நிபந்தனைகள் பிடிக்காமல் லித்துவேனியத் தலைவர்கள் பேச்சுவார்த்தையின் நடுவே ஊரைவிட்டுக் கிளம்பிப் போனார்கள். மன்னர் பொறுக்கவில்லை. வோலின், கீயெவ் உட்பட லித்துவேனியாவின் தெற்கு நிலங்களைப் போலந்தோடு சேர்த்து ஆணையிட்டார். வேறு வழியில்லாமல் திரும்பி வந்தார்கள்.

வந்த பிறகும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு என்கிற மாதிரி ஏற்பாடு: மன்னர், நாடாளுமன்றம், வெளியுறவு பொது; கருவூலம், படை, சட்டம் தனித்தனி. லூப்ளின் சதுக்கத்துத் தூணில் இரு நாடுகளும் இரண்டு பெண்களாகக் கைகுலுக்கி நிற்கின்றன. 1826இல் ரஷ்ய ஆட்சிக்குக் கீழே, அந்த அரசு அழிந்து முப்பது ஆண்டுக்குப் பின் வைத்த தூண் அது.

வார்சாவிலிருந்து வில்னியஸுக்கு ரயிலில் போகிறவர்கள் எல்லை தாண்டியதும் மோட்ஸ்காவா என்ற சின்ன நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறுகிறார்கள். போலந்தின் தண்டவாளம் 1435 மில்லிமீட்டர் அகலம். வில்னியஸுக்குப் போகும் பாதை 1520, ரஷ்யா விட்டுப்போன அகலப்பாதை. ஒரே மன்னரின் கீழிருந்த இரண்டு நாடுகளின் தலைநகரங்களுக்கிடையே ஒரே வண்டி ஓட முடியவில்லை.

வில்னியஸ் பேராலயத்தின் நிலவறையில்தான் இருக்கிறார் பார்பரா ராட்ஸிவில். சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் இவரை ரகசியமாக மணந்தபோது போலந்துப் பிரபுக்கள் கொதித்தார்கள். மன்னர் பிடிவாதம் பிடித்து 1550இல் முடிசூட்டினார். ஐந்தே மாதத்தில் பார்பரா கிராக்கோவில் இறந்தார். அவமதித்த ஊரில் அவரைப் புதைக்க மனமில்லாமல் மன்னர் சவப்பெட்டியோடு வில்னியஸ் வரை வந்தார். காலப்போக்கில் அந்த இடமே மறந்துபோனது. 1931 வெள்ளத்துக்குப் பிறகு பேராலயத்தின் அடித்தளத்தைச் சரிசெய்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதே பேராலயத்தில் பிற்கால மன்னர் நான்காம் விளாதிஸ்லாவின் இதயமும் இருக்கிறது. அவர் 1648இல் லித்துவேனியாவில் இறந்தார். உடல் மட்டும் வாவெலுக்குப் போனது.

நான்கே ஆண்டில், 1652இல், ஒரே ஓர் உறுப்பினர் மறுத்ததால் நாடாளுமன்றக் கூட்டம் முழுவதும் வீணானது. பிரபுக்கள் பெருமைப்பட்ட அந்தச் சுதந்திரமே பின்னால் அண்டை நாடுகளுக்கு வசதியாகப் போயிற்று. ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும். 1791 மே 3 அரசியலமைப்பு அந்த உரிமையை ஒழித்தபோது காலம் கடந்திருந்தது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் 1795இல் மிச்சத்தையும் பங்கிட்டுக்கொண்டன.

இதயத்தைப் பிரித்துப் புதைக்கும் வழக்கம் அதோடு நிற்கவில்லை. வில்னியஸின் ராசோஸ் இடுகாட்டில், கருங்கல் பலகை ஒன்றின் கீழே, மீண்டும் விடுதலை பெற்ற போலந்தின் தலைவர் யூசெஃப் பில்சுட்ஸ்கியின் இதயம் அவருடைய தாயின் எலும்புகளோடு 1936இல் வைக்கப்பட்டது. உடல் வாவெலில். பலகையில் அவர் பெயர்கூட இல்லை. இந்த மண்ணில் பிறந்து, பழைய கூட்டரசைத் திரும்பக் கட்டக் கனவு கண்டவர். போலந்தும் லித்துவேனியாவும் தனித்தனி நாடுகளாக மீண்ட பின், 1920இல் வில்னியஸைப் போலந்துப் படை கைப்பற்றியதற்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். 1938 வரை இரு நாடுகளும் தூதரைக்கூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. போலந்திலிருந்து வருகிறவர்கள் இந்தப் பலகைக்குப் பூ வைக்கிறார்கள். அதே இடுகாட்டில், உள்ளே தள்ளி, லித்துவேனிய விடுதலையை அறிவித்தவர்களில் ஒருவரான யோனாஸ் பசனாவிசியஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் 1927இல், தன் நாட்டின் விடுதலை நாளான பிப்ரவரி 16 அன்று இறந்தார். வில்னியஸ் அப்போது போலந்தின் வசம். லித்துவேனியர்கள் பூங்கொத்தோடு போவது அவரிடம்.