ஒரு வரி பிசகினால்

தை பிறந்துவிட்டால் செஞ்சியில் நெல் மூட்டைக்குத்தான் முதல் மரியாதை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் டிராக்டர்களும் மினி லாரிகளும் வாசலைத் தாண்டிச் சாலையில் வரிசை கட்டும். ஏலம், எடை, ஏற்றுக்கூலி எல்லாம் முடிந்து சந்தடி அடங்கிய பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை. நெல் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு.

கையில் இரண்டு எக்ஸெல் ஃபைல் இருக்கும். ஒன்று நாங்கள் வாங்கியது: லாட் எண், விவசாயி பெயர், ஊர், ரகம், மூட்டை, எடை, விலை. மற்றது ரைஸ் மில்லில் இறங்கியது: லாரி எண், லாட் எண், பெயர், மூட்டை, எடை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை.

“அண்ணே, ஒரு வீ-லுக்அப் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமே” என்றான் புதிதாக வேலைக்கு வந்த பையன். போட்டும் காட்டினான். பாதிக்கு மேல் சிவப்பு. காயக் காய நெல்லின் எடை இறங்கும் என்று அந்த ஃபார்முலாவுக்குத் தெரியாது. 75 கிலோ மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் அது வெயில் எடுத்துக்கொண்டது. ஒரு லாட்டில் 75 கிலோ மொத்தமாகக் குறைந்தால் மூட்டையையே காணோம். இவ்வளவு வரை போனால் விட்டுவிடு என்று ஃபார்முலாவைத் திருத்தினோம், சிவப்பு குறைந்தது. ஆனாலும் ஒரு லாட்டில் ஒரு மூட்டை குறைந்து அடுத்ததில் ஒரு மூட்டை கூடியிருந்தால், இரண்டு தப்பு என்று அது கூவும். இரண்டு வரியையும் சேர்த்துப் பார்க்கிற கண்ணுக்கு அங்கே தப்பே இல்லை. இறக்கும்போது அட்டி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெயர் இன்னும் பெரிய வம்பு. இந்தப் பக்கம் அண்ணாமலைகளுக்கும் ஏழுமலைகளுக்கும் பஞ்சமே இல்லை. வீ-லுக்அப் தனக்கு முதலில் அகப்பட்ட ஏழுமலையோடு நின்றுவிடும்.

அதனால் ஃபார்முலா சலித்துக் கொடுத்ததை இரண்டு ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். பல ஆபீஸ்களில் இன்னும் ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டு, அதை மூடி, “நாப்பத்தேழு, நாப்பத்தேழு” என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததைத் திறக்கிறார்கள். நடுவில் யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் நாற்பத்தேழு போய்விடும்.

பேரேட்டுக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒருவர் படிக்க, எதிரே உட்கார்ந்தவர் டிக் அடிப்பார். ஜமாபந்திக்குக் கிராமக் கணக்குகளைக் கட்டுக் கட்டாகத் தாலுகா ஆபீசுக்குச் சுமந்து போன கர்ணங்களும் (1980-இல் அந்தப் பதவி ஒழிந்தது) மேசையில் விரித்துப் போட்டுத்தான் ஒப்பிட்டார்கள். கணினி வந்தபோது மேசை சுருங்கி ஒரு திரையாகிவிட்டது. கணக்குத் தாளைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் இது தெரிந்தேயிருந்தது. 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க்கிலேயே திரையை இரண்டாகப் பிரித்து இரு பாதியையும் சேர்த்து நகர்த்த வழி இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே தாளின் பகுதிகள். எக்ஸெல் 2010 வரைக்கும் எல்லா ஃபைலையும் ஒரே பெரிய ஜன்னலுக்குள் அடைத்து வைத்தது. 2013-இல்தான் ஃபைலுக்கு ஒரு ஜன்னல் என்று பிரித்துக் கொடுத்தது.

‘வியூ’வில் ‘வியூ சைடு பை சைடு’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. பெயர்தான் அப்படி, பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். ‘அரேஞ்ச் ஆல்’ போய் ‘வெர்ட்டிகல்’ கொடுத்தால் இடமும் வலமுமாக நிற்கும். ‘சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்’ ஒன்றை உருட்டினால் மற்றதையும் உருட்டும். வம்பும் அங்கேதான். மில்காரர் ஒரு வரியை விட்டிருந்தால், அதற்குக் கீழே உள்ள ஒவ்வொருவரும் அடுத்தவர் நெல்லோடு ஜோடி சேர்ந்துவிடுவார்கள். அந்த இடத்தில் அதை அணைத்து, ஒரு பக்கத்தை மட்டும் ஒரு வரி நகர்த்தி, மறுபடி போட வேண்டும். இன்னொன்று: இரண்டு ஜன்னல் என்றாலும் ‘கண்ட்ரோல் இசட்’ ஒன்றுதான். இந்த ஃபைலில் அடித்தால் சற்றுமுன் அந்த ஃபைலில் செய்தது கலைந்துபோகும்.

அருகருகே வைத்துப் பார்ப்பது எங்கள் ஊருக்குப் பழைய வேலையாகத்தான் இருக்க வேண்டும். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டம் கூடியிருக்கிறது. வருகிறவர்கள் இதை ஆண்ட தேசிங்கு ராஜாவைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்குக் கோட்டைக்குள் ராஜகிரி மலையடிவாரத்து நெற்களஞ்சியத்தின் மேல்தான் கண். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானின் படை இந்தக் கோட்டையைச் சூழ்ந்து கிடந்தது. இருக்கும் நெல் எவ்வளவு, சாப்பிடும் வாய் எத்தனை என்று இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை இருந்திருக்க வேண்டும். அவர் பெயரில் ஒரு கல்கூட இல்லை.

போன வாரம் ஒரு மூட்டை உதைத்தது. மில்லுக்குப் போன் போட்டேன்.

“ஏழுமலை லாட்டைக் கொஞ்சம் பாருங்க சார்.”

“எந்த ஏழுமலை?”

“ஆலம்பூண்டி.”

“என்கிட்ட ஒரே ஏழுமலைதான் சார் இருக்காரு. அனந்தபுரம்னு போட்டிருக்கு.”

“அப்போ உங்க ஃபைல்ல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. அவருக்குக் கீழ இருக்கறதை எல்லாம் ஒண்ணு தள்ளிப் படிங்க.”

அவர் படிக்க, நான் டிக் அடித்தேன்.