ஸ்தான்பூல் ஹம்மாமும் வியர்வையின் கணக்கும்

ஸ்தான்பூல் நகரில் அயா சோபியாவுக்கும் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்கும் இடையே, பூங்காவின் ஓரமாக, குவிமாடங்கள் வரிசையாய் எழுந்த நீண்ட கட்டடம் ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதையும் ஒரு பள்ளிவாசல் என்றே எண்ணுவர். ஆனால் அது ஒரு குளியல் மாளிகை. சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தானின் விருப்பப்படி, கட்டடக் கலைஞர் மிஃமார் ஸினான் 1556ஆம் ஆண்டளவில் கட்டிய ஹம்மாம். அருகிலுள்ள சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலைவிட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மூத்தது. இடைக்காலத்தில் பண்டசாலையாகவும் கம்பளக் கடையாகவும் இருந்து, திருத்தப்பட்டு, 2011இல் மீண்டும் ஹம்மாமாகத் திறக்கப்பட்டது.

ஆண்களுக்கு ஒரு முனையில் வாசல், பெண்களுக்கு மறுமுனையில் வாசல். இரு பகுதிகளும் கண்ணாடியில் விழுந்த பிம்பம்போல ஒரே அமைப்பு. முதலில் உடைமாற்றும் குளிர்ந்த கூடம், அடுத்து இளஞ்சூடான அறை, கடைசியில் வெந்நீர் அறை. அதன் நடுவே அகன்ற சலவைக்கல் மேடை. துருக்கியர் அதைத் 'தொப்புள் கல்' என்கின்றனர். அதில் படுத்தால் சற்று நேரத்தில் மேனியெங்கும் வியர்வை வடியும். அக்காலத்தில் விறகு அடுப்பின் வெப்பம் தரைக்கடியிலுள்ள வெற்றிடத்தில் பரவி அந்தக் கல்லைச் சூடாக்கியது. அந்த வெற்றிடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜஹன்னம்லிக்', அதாவது நரகத்தின் இடம். ஹம்மாமின் வெக்கையில் மறுமையின் நெருப்பை நினைக்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஒழுக்கம் கற்பித்தது ஞாபகம் வந்தது. பெண்கள் பெண்களுக்கு மத்தியிலும் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தே இருக்க வேண்டும் என்பதையும் இங்கு செல்லும் சகோதரிகள் மறக்கலாகாது.

2018இல் உம்ரா முடித்துத் துருக்கி வழியாகத் திரும்பிய எங்கள் குழுவில் முழங்கால் நோவுள்ள தாய்மார் பலர். நாங்கள் தங்கிய ஹோட்டலில் ஹம்மாமின் புதுத் தம்பி ஒன்று இருந்தது. மரப்பலகையாலான சிறு அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு வாங்கு. 'இன்பிராரெட் சோனா' என்றார்கள். பழைய சோனா காற்றை எண்பது, தொண்ணூறு பாகை வரை சூடாக்கும். இதுவோ ஐம்பது, அறுபது பாகையிலேயே கதிர்களால் நேரே உடம்பைச் சூடாக்கும்.

சீனி வியாதியும் மூட்டு வாதமும் உள்ள ஒரு தாத்தா, அதற்குள் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து தராசில் ஏறினார். அரைக் கிலோ குறைந்திருந்தது. "மௌலவி, நடக்க ஏலாத எங்களுக்கு அல்லாஹ் தந்த வழி இது. ஊருக்கும் ஒன்று எடுப்போமா?" என்று என் மனைவி மூலம் கேட்டனுப்பினார். மறுநாள் காலை, தண்ணீரும் தேத்தண்ணீரும் குடித்த பிறகு ஏறிப் பார்த்தார். அந்த அரைக் கிலோ திரும்பி வந்திருந்தது.

குழுவில் வந்த வைத்தியச் சகோதரி அதன் கணக்கை விளக்கினார். போனது கொழுப்பல்ல, நீர். அரை லீற்றர் வியர்வை என்றால் அரைக் கிலோ. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. சூட்டில் இருதயம் வேகமாகத் துடிப்பது உண்மை, ஆனால் தசைகள் வேலை செய்வதில்லை. ஆகவே கொழுப்பு சொற்பமே செலவாகும். ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழகப் பேராசிரியர் தெய் என்பவர் இத்தகைய கதிர் அறையை இருதயம் பலவீனமானோருக்குச் சிகிச்சையாகப் பயன்படுத்தி, 1995இல் ஆய்வும் வெளியிட்டார். அறுபது பாகையில் பதினைந்து நிமிடம், பிறகு போர்வைக்குள் அரை மணி நேர ஓய்வு. அந்தச் சிகிச்சையில் நோயாளியின் நிறையை முன்னும் பின்னும் நிறுத்து, குறைந்த அளவுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். சிகிச்சை செய்பவர்களே அந்தக் குறைவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால், அதை நாம் மெலிவு என்று எண்ணலாமா?

வியர்வைதான் மெலிய வைக்கும் என்றால், நோன்பு மாதத்தில் அடுப்படியில் கஞ்சி காய்ச்சும் நமது தாய்மாரில் ஒருவரும் பருத்திருக்க மாட்டார்கள்!

சூட்டினால் பயனில்லை என்பதல்ல. இறுகிய மூட்டு தளரும், மனம் ஆறும். ஆனால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பிரஷருக்கும் இருதயத்துக்கும் மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேளாமல் நுழையக்கூடாது, தலைசுற்றி விழ நேரலாம். சீனி வியாதியால் பாதம் மரத்தவருக்குச் சுடுவதே தெரியாது.

அப்படியானால் நடக்க முடியாதவருக்கு வழி என்ன? நமது மார்க்கமே ஒரு முன்மாதிரி காட்டியிருக்கிறது. நின்று தொழ இயலாத இம்ரான் இப்னு ஹுஸைன் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு, உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழுமாறு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வழிகாட்டினார்கள். இயலாமை முறையை மாற்றியது, கடமையை நீக்கவில்லை. உடம்பின் விடயத்திலும் அவ்வாறே. கதிரையில் அமர்ந்தபடி காலை நீட்டி மடக்கலாம். இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் கையிலெடுத்து உயர்த்தி இறக்கலாம். இடுப்பளவு நீரில் நடந்தால் முழங்காலில் பாரம் குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிறை குறைவது சாப்பாட்டுச் சஹனில்தான். வயிற்றில் மூன்றிலொரு பங்குக்குமேல் உணவு வேண்டாம் என்ற நபிமொழியை விட எளிய வைத்தியம் ஏது? தேத்தண்ணீரில் சீனியை விடுவது, சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவது, இரவுச் சாப்பாட்டை முந்துவது ஆகியவற்றுக்கு ஓடத் தேவையில்லை. ஒரு கிலோ நிறை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. ஐந்து கிலோ குறைத்த ஒரு தாய், ஒரு நாள் கதிரையை விட்டு ஸுஜூதுக்கே இறங்கவும் கூடும்.

ஸ்தான்பூல் செல்லும் சகோதரிகள் ஹம்மாமைத் தாராளமாய்ப் பாருங்கள். அழுக்கைக் கழுவ அது நல்ல இடம். கொழுப்பைக் கரைக்கும் இடம் நம் வீட்டுக் குசினிதான். நம் தாய்மாரின் முழங்கால்களுக்கு அல்லாஹ் பலம் தருவானாக. ஆமீன்.