கோலமும் மாத்திரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் போடும் கோலப் படங்களுக்கு நீங்கள் எல்லோரும் லைக் போடுகிறீர்கள். மகிழ்ச்சி. போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். சில மாதங்களாக மனநல மருத்துவரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறானாம். "டீச்சர், நீங்க கோலம் போட்டே குணமாயிட்டீங்கன்னு சொல்றாங்க. நானும் மாத்திரையை நிறுத்திட்டு படம் வரைய ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தான்.

நிறுத்தாதே என்று அவனுக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஆனால் இந்த எண்ணம் அவனுக்கு மட்டும் இருக்காது. சொந்தக்காரர்களிலும் சிலர், "அதான் நல்லா இருக்கீங்களே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது. வெறும் கவலை என்று அதைச் சொல்ல முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். எட்டு மணியானாலும் எழுந்திருக்க முடியாது. சாப்பாடு ருசிக்காது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் எங்கோ தூரத்தில் பேசுவது போல இருக்கும். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வாசல் வாரக்கணக்கில் கோலம் இல்லாமல் கிடந்தது. கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்கா வந்து, "வீட்ல ஏதாவது துக்கமா டீச்சர்?" என்று கேட்டேவிட்டார். பதில் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

என் மகள்தான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். பிறகு, "முன்னெல்லாம் காலையில முதல் வேலையா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். வாசல் தெளித்துக் கோலம் போடுவேன் என்றேன். "நாளைக்கு ஒரு சின்னக் கோலம் போடுங்க. போடணும்னு தோணலைன்னாலும் போடுங்க" என்றார்.

மனசு சரியானதும் செய்யலாம் என்று நாம் காத்திருப்போம். இந்த நோயில் காத்திருந்தால் மனசு வராது. முதலில் கை வேலை செய்ய வேண்டும், மனசு மெதுவாகப் பின்னால் வரும். மருத்துவர்கள் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வைத்திருக்கிறார்கள்.

மூன்று புள்ளி, மூன்று வரிசை என்றுதான் ஆரம்பித்தேன். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்புகிறது என்று கவனித்தே ஆக வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் தலைக்குள் ஓடும் பேச்சு கொஞ்சம் அடங்கும். கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் வடமாநிலப் பெண்கள் நின்று பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் எனக்கு மருந்துதான். ஆனால் அந்தக் காலை நேரத்தில் என்னைப் படுக்கையிலிருந்து எழ வைத்ததில் மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

கலை நம்மோடு எவ்வளவு தூரம் வரும் என்று யோசிக்கும்போது ஓவியர் கே. ராமானுஜம் நினைவுக்கு வருவார். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர். மனச்சிதைவு நோயோடு வாழ்ந்தவர். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவருக்கும் இடம் இருந்தது. மாளிகைகள், பாம்புகள், விசித்திர விலங்குகள் என்று ஒரு கனவு உலகத்தையே வரைந்தார். அதற்குள் தொப்பி போட்ட ஒரு மனிதனாகத் தன்னையும் வரைந்துகொண்டார். 1973-ல், முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

கலை அவரைக் கைவிட்டுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அது அவருக்கு ஒரு மொழியையும், ஒரு பெயரையும், கூட இருக்க மனிதர்களையும் கொடுத்தது. ஆனால் நோய் நோயாகவே இருந்தது. ஒருவர் நன்றாக வரைகிறார் என்பதால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. இதை நாம் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு தொழிற்பயிற்சி, வேலை, குடும்பத்தின் துணை எல்லாம் சேர்ந்தால்தான் நோயாளி மறுபடி வாழ்க்கைக்குத் திரும்ப முடியும் என்பது அவர் காட்டிய வழி.

சொந்தங்களே, நான் இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை போடுகிறேன். சர்க்கரைக்குப் போடுவதைக் கேள்வி கேட்காத நீங்கள் இதையும் கேட்க வேண்டாம். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

பிள்ளைகளே, நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கம் கெட்டால் மனசும் கெடும். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கள், பாடத் தெரிந்தவர்கள் பாடுங்கள். மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் தவறாமல் சாப்பிடுங்கள். இரண்டையும் செய்கிறவர்கள் என் கட்சி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்