தோளில் தொங்கிய சீனி

2024 தீபாவளிக்கு முந்திய வாரம் என்னால் தலை பின்ன முடியவில்லை. வலது கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. மகள்தான் பின்னிவிட்டாள். “தோள்மூட்டு இறுகிப்போச்சு. ஒரே தோளில் தினமும் என்ன தூக்குறீங்க?” என்று கிளினிக்கில் கேட்டார்கள். பையைத் திறந்து காட்டினேன்.

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. வீடு ஜார்ஜ்டவுனில் என்றாலும் மாதத்தில் பத்து நாளாவது வெளியூரில்தான் கழியும். கூலிம், சுங்கைப்பட்டாணி என்றால் மாலையில் திரும்பிவிடலாம். தைப்பிங், ஈப்போ என்றால் விடியலில் ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ரயிலுக்கு நடக்க வேண்டும். அத்தனை நடையிலும் தோளில் தொங்கியது 2.3 கிலோ மடிக்கணினி. அதன் சார்ஜர் தனி.

முன்பு ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்தில் இருந்தேன். 2022-இல் அதை விட்டுச் சொந்தமாகத் தொடங்கினேன். சொந்தத் தொழிலில் நல்லது பல உண்டு. ஆனால் மருத்துவ விடுப்பு கொடுக்க முதலாளி இல்லை. அந்தத் தோள்வலியில் மூன்று பயிற்சிகளை விட்டுக்கொடுத்தேன். அதில் ஒரு பள்ளி அதற்குப் பிறகு என்னை அழைக்கவே இல்லை.

ஆகவே இலேசான கணினி வாங்குவது என்று முடிவானது. அதற்காகச் சேமிப்பில் கை வைத்தேன்.

கொம்தார் பக்கத்துக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். விளம்பரத்தில் எல்லாமே இலேசுதான். வீட்டில் ஒரு கிலோ சீனிப் பொட்டலங்களைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனதால் கை பொய் சொல்லவில்லை. இரண்டாயிரம் வெள்ளிக்குள் கிடைத்தவை எல்லாம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. கூடவே சில துளைகளும் காணாமல் போகின்றன. நான் போகும் பள்ளிகள் சிலவற்றில் புரொஜெக்டர் பழசு. அதன் வயரைச் செருக இந்த ஒல்லிக் கணினிகளில் இடமே கிடையாது. அதற்கு ஒரு அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். மெமரியைப் பின்னால் கூட்டவும் முடியாது, பலகையோடு ஒட்டியே வருகிறது. இதையெல்லாம் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் 1.1 கிலோவில் ஒன்று கிடைத்தது. விலை 4,200 வெள்ளி. நான் தயங்குவதைப் பார்த்த விற்பனையாளர் தம்பி, “ஆன்ட்டி, டாக்ஸில் 2,500 போலே கிளெய்ம். எல்லாரும் போடுறாங்க” என்றார்.

அந்த 2,500-ஐ நம் மக்களில் பலர் கையில் திரும்பி வரும் பணம் என்றே நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் வரி கணக்கிடும் வருமானத்தில் அவ்வளவு குறையும், அவ்வளவுதான். 35,000 முதல் 50,000 வெள்ளி வரையிலான படியில் வரி 6 விழுக்காடு. அந்தப் படியில் நிற்கும் எனக்கு 2,500-க்கு மிஞ்சுவது 150 வெள்ளி.

அதுவும் முழுதாகக் கிடைக்காது. வாழ்க்கைமுறை வரிவிலக்கு என்ற அந்த ஒரே கூடையில்தான் புத்தகம், நாளிதழ், வீட்டு இணையக் கட்டணம், கைப்பேசி எல்லாம் கிடக்கின்றன. (இந்த நாளிதழைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ரசீதை எடுத்து வைக்கலாம்.) இணையமும் படிப்புச் செலவும் சேர்ந்து என் கூடையில் 1,600 வெள்ளி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மிச்சம் 900. அதற்கு வரி மிச்சம் 54 வெள்ளி.

இருந்தாலும் போட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். அக்கா மகன் புக்கிட் மெர்தாஜாமில் கணக்காளர் வேலை பார்க்கிறான். அவன் என் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “சின்னம்மா, பயிற்சிக்குப் போகும்போது இதை வீட்டில் வைத்துவிட்டா போவீங்க?”

“அதைத் தூக்கிக்கொண்டு போகத்தானே வாங்கினேன்?”

“அப்போ இந்தக் கட்டம் உங்களுக்கு இல்லை. தொழிலுக்கு அல்லாத கணினிக்குத்தான் இது.”

பழைய கணினியை 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கியபோது அப்போதைய 2,500 சிறப்பு விலக்கில் போட்டேனே என்றேன். அப்போது நான் சம்பளக்காரி, பிஇ பாரம். இப்போது தொழில் வருமானம், பி பாரம் என்றான். பையும் தோளும் அதேதான், பாரம் மட்டும் மாறியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. 54 வெள்ளிக்கு இவ்வளவு நியாயமா?

அவன் கால்குலேட்டரை எடுத்தான். தொழிலுக்கு வாங்கிய கணினிக்கு மூலதனப் படி உண்டு. 2024 வரி ஆண்டிலிருந்து முதல் ஆண்டில் தொடக்கப் படி 40 விழுக்காடு, ஆண்டுப் படி 20 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டும் 20, 20. மூன்று வருடத்தில் முழு விலையும் கழிந்துவிடும். அடாப்டர் போன்ற, 2,000 வெள்ளியைத் தாண்டாத சின்னப் பொருளை அதே ஆண்டில் முழுசாகக் கழிக்கலாம்.

“ஓட்டல் அறையில் இதில் நாடகம் பார்ப்பீங்களா?”

பார்ப்பேன் என்றேன். மகளும் பள்ளி வேலைக்கு எடுக்கிறாள். ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த உபயோகம் என்று கழித்தான். மிச்சம் 3,360. முதல் ஆண்டு 2,016, பிறகு ஆண்டுக்கு 672. என் 6 விழுக்காட்டில் மூன்று ஆண்டும் சேர்ந்து 201 வெள்ளி 60 காசு மிச்சம். கடைக்காரத் தம்பி காட்டிய வழியில் 54. அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் நட்டம் எனக்குத்தான் என்று தெரிந்ததும் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு இந்த மூலதனப் படி கிடையாது. அது தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, “எங்க காலத்தில் பினாங்கில் வரி ஏது?” என்றார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியதிலிருந்து இது சுங்கவரி இல்லாத துறைமுகம். 1969-இல் அந்தச் சலுகை போனது. பெருநிலத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டரும் வாங்காமல் ஃபெரி ஏறமாட்டார்களாம். அது சுங்கவரிப்பா, இது வருமான வரி என்றேன். எல்லாம் ஒரே பைதானே என்று பேப்பரைப் புரட்டினார்.

ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்ததோ நம் ஊர் வெயிலுக்கு மூன்று மாதத்தில் வெளுத்துப்போகும் தாள். படம் எடுத்துக் கணினியில் ஒன்று, மகளின் கைப்பேசியில் ஒன்று என்று சேமித்துவிட்டு, தாளை அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் போட்டேன். ஜூன் மாதம் பி பாரத்தை அனுப்பினேன்.

தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. போன வாரம் தைப்பிங் ரயிலில் பையை மேல்தட்டில் வைக்க எழுந்தேன். பக்கத்து இருக்கைப் பையன், “கொடுங்க ஆன்ட்டி” என்று கை நீட்டினான். பரவாயில்லை தம்பி என்று நானே வைத்தேன்.