எஞ்சினுக்கு ஒரு சும்மாடு

அம்பாஸிடர் கார் வைத்திருப்பவனுக்கு ஊரெல்லாம் ஆலோசகர்கள். என் வண்டி நின்ற இடத்தில் உதறத் தொடங்கியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு பட்டறைக்காரர் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். அதைவிட எடைக்குப் போட்டுவிடுவது உத்தமம் என்பது அவருடைய இலவச யோசனை. உத்தரபாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. ஆகவே அவர் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு நெசவாளியின் தாயார் வாரம் ஒரு முறை இந்த வண்டியில்தான் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வருகிறார். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவர் உடம்பு எதையும் தாங்காது.

"ஓட சொல்ல ஒண்ணும் தெரியலை தம்பி. நிக்க சொல்லத்தான் எலும்பெல்லாம் உதறுது" என்றார் ஆயா.

நல்ல துப்பு அது. ப்ளக்கிலும் கார்புரேட்டரிலும் குறையில்லை என்று முன்பே பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது எஞ்சின் மவுண்டிங் ரப்பர்.

எஞ்சின் வண்டியின் இரும்பின்மேல் நேராக உட்காருவதில்லை. கூடைக்காரியின் தலைக்கும் கூடைக்கும் நடுவே சும்மாடு இருப்பதுபோல, நடுவில் ரப்பர் இருக்கிறது. எஞ்சினின் நடுக்கத்தை அது தானே வாங்கிக்கொள்ளும். 1931-இல் அமெரிக்காவில் பிளைமவுத் கார்க்காரர்கள் நாலு சிலிண்டர் எஞ்சினை இப்படி ரப்பரில் மிதக்கவிட்டுப் பெயர் வாங்கினார்கள். பிரான்ஸில் சித்ரோயன் அந்த உரிமையைப் பெற்று, மிதப்பதற்கு அடையாளமாகக் காரின் முகப்பில் ஓர் அன்னத்தையே பொறித்தது!

என் வண்டியின் அன்னம் எண்ணெயில் ஊறி அப்பமாக உப்பியிருந்தது. ரப்பருக்கு எஞ்சின் எண்ணெய் பரம விரோதி. கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போடுவதில் பிரயோசனமில்லை. அந்த வேலையை முதலில் முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பாட்டரி ஒயரைக் கழற்றி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஜாக்கியை வைத்தேன். ஜாக்கிக்கும் தொட்டிக்கும் நடுவே பக்கத்து வீட்டார் கொண்டுவந்த பழைய தறிப் பலகை. எஞ்சினை விரற்கடை அளவு தூக்கினால் போதும். அதற்குமேல் ஆசைப்பட்டால் ஹோஸ் இழுபடும். பட்டு இழையோடு பழகிய கண் அவருக்கு.

"போதும் சார், விசிறி ரேடியேட்டர்ல உரசப் போகுது" என்று நிறுத்தினார்.

பழையதை எடுத்துப் புதியதை வைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் திருகினேன்.

"ஏன் சார், முடுக்கலையா?"

"பாரம் இறங்கட்டும். இப்போதே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்."

"நம்ம பாவு மாதிரிதான்னு சொல்லுங்க. சீரா இழுவை இல்லாம கட்டினா, நாளெல்லாம் அறுந்துகிட்டே இருக்கும்" என்று சிரித்தார்.

அந்த வாரம் மூங்கில் மண்டபத்தருகே நெரிசலில் வெகுநேரம் நின்றோம். ஹாரனில் கை வைத்தேன். அவர் என் தோளைத் தொட்டுப் பின்சீட்டைக் காட்டினார். ஆயா தூங்கிக்கொண்டிருந்தார்.

கியர்பெட்டிக்கு அடியிலுள்ள ரப்பர் இன்னும் பாக்கி. வரும் ஞாயிறு அவர் ஒரு முகூர்த்தப் புடவையை முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு பலகையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.